பட்டம் கட்டாயமில்லை என்ற வரி

அந்தச் சுற்றறிக்கையின் கடைசி வரி "பட்டம் கட்டாயமில்லை" என்று இருந்தது. மற்ற வரிகளை நம்பினேன். அதை மட்டும் நம்பவில்லை.

அப்போது நான் மாத்தளையில், ஒரு கட்டடக் கூட்டுத்தாபனத்தின் கிளை அலுவலகத்தில் தொழில்நுட்ப உதவியாளர். அலுவலகம் என்பது பெரிய வீதியிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருந்த ஒரு வாடகை வீடு. முன்னறையில் பொறியியலாளர். சாப்பாட்டு அறையில் நானும் வரைபலகையும். சமையலறையில் கொங்கிரீட் மாதிரிக் கட்டிகளும் தேத்தண்ணீர்க் கேத்தலும். பல்லேபொலையில் எங்கள் கூட்டுத்தாபனம் ஒரு பெரிய நெற்களஞ்சியம் கட்டிக்கொண்டிருந்தது. அதன் வரைபடங்களும் வேலை அட்டவணையும் என் பொறுப்பு.

கொழும்புத் தலைமையகத்தில் ஒரு கம்பியூட்டர் வாங்கியிருந்தார்கள். ஓர் அறையை முழுவதுமாக அடைத்துக்கொண்டு நிற்கிற இயந்திரம் என்றும், அது சூடாகாமல் இருக்க அறையைக் குளிராக வைத்திருப்பதால் உள்ளே வேலை செய்பவர்கள் கொழும்பு வெயிலிலும் ஸ்வெட்டர் போடுகிறார்கள் என்றும் சொன்னார்கள். நான் அதைப் பார்த்ததில்லை. ஆனால் மாதத்துக்கு ஒரு தடவை அதற்குத் தீனி அனுப்பினேன். எந்த வேலை முடிந்தால் எந்த வேலையைத் தொடங்கலாம், ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் வேண்டும் என்று கட்டம் போட்ட தாள்களில் எழுதி அனுப்புவேன். அங்கே அதை அட்டைகளில் துளையிட்டு இயந்திரத்துக்குக் கொடுப்பார்கள். இரண்டு ஓரத்திலும் ஓட்டை போட்ட அகலமான தாளில் அட்டவணை அச்சாகித் திரும்பி வரும். சீமெந்து லொறி கொழும்பிலிருந்து எப்போது புறப்படுவது என்பதுகூட அந்தத் தாளைப் பார்த்துத்தான்.

இப்போது அந்த இயந்திரத்துக்குப் புரோகிராம் எழுத ஆள் தேவையாம். கூட்டுத்தாபனத்துக்குள் இருப்பவர்களே விண்ணப்பிக்கலாம். உயர்தரப் பரீட்சையில் கணிதம், அல்லது தொழில்நுட்ப டிப்ளோமா. பட்டம் கட்டாயமில்லை.

என்னிடம் டிப்ளோமா இருந்தது. இரசாயனவியலில் புள்ளி குறைந்து பல்கலைக்கழகம் கிடைக்காமல் போய்விட்டது. அதன் பிறகு வேலையில் இருந்தபடியே வெளிவாரியாகக் கணிதப் பட்டத்துக்குப் பதிந்து, முதற்பகுதியை முடித்து, இறுதிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஆக, தகுதி இருக்கிறது. என்றாலும் அந்த வரி உறுத்தியது. பட்டம் பெற்ற பிள்ளைகள் எழுதுவினைஞர் வேலைக்கே வரிசையில் நின்ற காலம் அது. எங்கள் தெருவிலேயே ஒரு பட்டதாரி தினமும் சவரம் செய்து, சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டு, வாசிகசாலைக்குப் போய்ப் பத்திரிகை பார்த்துவிட்டு வந்தார். அப்படியிருக்க, நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே இருக்கிற இயந்திரத்தை வாங்கியவர்கள், அதைத் தொடப் பட்டம் வேண்டாம் என்று ஏன் சொல்ல வேண்டும்? ஒன்று, அது மதிப்பில்லாத வேலையாக இருக்க வேண்டும். இரண்டு, யாருக்குக் கொடுப்பது என்று முன்கூட்டியே தீர்மானித்திருக்க வேண்டும். மூன்றாவது எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று.

அப்பாவிடம் சொன்னேன். அப்பா நகரத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு தோட்டத்தில் மருந்துசாலைப் பொறுப்பாளர், டிஸ்பென்சர். தொழிலாளர்கள் அவரை டாக்டரய்யா என்பார்கள். பிள்ளைப்பேறு, பாம்புக்கடி, காய்ச்சல் எல்லாம் அவர் கையில். மாதத்தில் ஒரு நாள் காரில் வருகிற வைத்தியர் மட்டும் "டிஸ்பென்சர்" என்று கூப்பிடுவார். அன்றைக்கு அப்பா உட்காருவதில்லை.

"பட்டம் வேணாம்னுதான் கூப்பிடுவாங்க," என்றார். "உள்ள போன பிறகுதான் வேணும்னு தெரியும். நான் உள்ள இருந்துகிட்டு சொல்றேன். வேல பூரா நான், கையெழுத்து அவரு."

"அப்ப போடவேணாங்கறீங்களா?"

"பட்டத்த முடி. முடிச்சிட்டு எங்க வேணும்னாலும் போடு. யாரும் ஒன்ன நிக்க வைக்க மாட்டாங்க."

கணித வகுப்பு நடத்திய ஆசிரியரிடம் கேட்டேன். நகரத்தில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் வகுப்பு. கீழேயிருந்து வரும் மிளகு நெடியில் தும்மிக்கொண்டே தொகையீடு படிப்போம். வெளிவாரிப் பட்டத்துக்கு எங்களைத் தயார் செய்த அவரே அந்தப் பட்டத்தின் இறுதிப் பகுதியை இன்னும் எழுதவில்லை.

"கம்பியூட்டராவது கத்தரிக்காயாவது," என்றார். "இன்னும் கொஞ்ச வருஷத்துல அதைப் பழைய இரும்புக்குப் போட்டுருவாங்க பிள்ளை. பட்டத்த எவனாவது பழைய இரும்புக்குப் போட முடியுமா?"

"நீங்க எப்ப சார் எழுதப் போறீங்க?"

"அடுத்த வருஷம்."

பின்வரிசை வாங்கில் யாரோ சிரித்தார்கள். அவருக்கு அடுத்த வருஷம் என்பது ஒரு ஊர் மாதிரி. போய்ச் சேர்ந்ததில்லை, ஆனால் வழி தெரியும்.

பொறியியலாளர் நேர்மாறாகச் சொன்னார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், பட்டதாரி, வெளிநாட்டிலும் ஒரு வருடம் படித்தவர்.

"பட்டத்தைக் கொண்டு என்ன செய்யிறது? நான் படிச்சதில காவாசிகூட இஞ்ச பாவிக்கேல்லை. நீர் விண்ணப்பியும். நான் நல்லா எழுதிவிடுறன்."

"அப்ப பட்டம் இல்லாமலே நீங்க இந்த வேலைய செய்வீங்களா சார்?"

"செய்வன். ஏன் செய்யேலாது?" கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார். "ஆனா அது இல்லாட்டி என்னை இந்தக் கதிரையில இருக்க விட்டிருப்பினமே?"

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் எல்லோருடைய கருத்தையும் மனதுக்குள் இரண்டு நிரலாகப் பிரித்துப் பார்த்தேன். பட்டம் வேண்டாம் என்றவரிடம் பட்டம் இருந்தது. வேண்டும் என்ற இருவரிடமும் இல்லை. இதிலிருந்து பட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. மனிதர்களைப் பற்றி வேண்டுமானால் கொஞ்சம் தெரிந்தது. விண்ணப்பத்தை அனுப்பினேன். அனுப்புவதால் ஒன்றும் குறையாது, ஏற்பதா இல்லையா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு.

விண்ணப்பம் போன அடுத்த மாதம் பல்லேபொலையில் வேலை நின்றது.

நிலத்துக்குக் கொங்கிரீட் போட எல்லாம் தயார். கம்பி கட்டியாயிற்று, மணல் குவித்தாயிற்று, கலவை இயந்திரம் எண்ணெய் போட்டு நிற்கிறது. சீமெந்து வரவில்லை. அட்டவணைப்படி இன்னும் ஐந்து நாளில்தான் வர வேண்டும். நான் பஸ்ஸில் போய் இறங்கியபோது கூலியாட்கள் பலா மரத்தடியில் படுத்திருந்தார்கள். கட்டடப் பொருட்களின் பொறுப்பாளர், மாத்தளை முஸ்லிம் நானா ஒருவர், காலியாகக் கிடந்த சீமெந்துக் கொட்டகையின் கதவை எனக்குத் திறந்து காட்டினார்.

"பாருங்க தங்கச்சி, எலி ஓடி வெளையாடுது. கொழும்பு மெஷின் எங்கட ஆக்கள விடச் சோம்பேறியா ஈக்குதே. ரெண்டு நாளைக்கு ஒருக்கா லீவு போடுது."

"மெஷின் லீவு போடாது நானா."

"அப்ப யாரு போட்ட? நானா போட்ட?"

நகைச்சுவைக்குச் சொன்னதுதான். ஆனால் லீவு என்ற சொல் என்னோடு பஸ்ஸில் திரும்பி வந்தது. அந்த ஆண்டுகளில் எங்களுக்கு ஞாயிறு விடுமுறை இல்லை. அமாவாசை, பௌர்ணமி, இரண்டு அரைநிலா என்று நிலாவைப் பார்த்து வரும் பௌத்தர்களின் போயா தினமும் அதற்கு முந்திய அரைநாளும்தான் விடுமுறை. நிலா நடக்கிற வேகத்தைப் பொறுத்து ஒரு போயாவுக்கும் அடுத்ததற்கும் இடையில் வழக்கமாக ஏழு நாள் வரும், சிலவேளை எட்டு நாள் வரும். திங்கட்கிழமை போயா என்று பழகி முடிப்பதற்குள் அது செவ்வாய்க்கு நகர்ந்திருக்கும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எந்தக் கிழமை என்பதே தெரியாமல் போன காலம்.

எங்கள் பொறியியலாளர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். ஐந்து நாள் வேலைக்கு நடுவில் போயா வந்தால், அந்த ஒன்றரை நாளை இரண்டாக்கி, தாளில் ஏழு என்று எழுதச் சொல்வார். "கொழும்பில குளிர் அறையில இருக்கிறவைக்குப் போயா தெரியாது. நாங்களே கூட்டி அனுப்புவம்." நானும் கூட்டித்தான் எழுதினேன். எழுதுகிறபோதே ஒரு தடவை கேட்டிருக்கிறேன், அவங்களும் கூட்டினா என்ன சார் ஆகும் என்று. "அவையோ?" என்று கையை வீசினார்.

அலுவலகத்துக்கு வந்து அச்சுத்தாளைச் சுவர் நாட்காட்டிக்குப் பக்கத்தில் விரித்தேன். தாளில் எந்த வேலையும் எந்தப் போயாவிலும் தொடங்கவில்லை, முடியவும் இல்லை. அது தற்செயலாக நடக்காது. போயா எது என்று அந்த இயந்திரத்துக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே நாங்கள் ஒரு தடவை கூட்டிய விடுமுறையை அது இன்னொரு தடவை கூட்டியிருந்தது.

பொறியியலாளரிடம் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார்.

"அப்பிடி மாத்தினவை எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"நாம கூட்டுறோம்னு நாம சொன்னமா சார்?"

அவர் தாளைச் சுருட்டி என்னிடமே தந்தார். கோபப்படவில்லை. அடுத்த மாதத் தாளின் அடியில் குறிப்புக்கு விட்டிருந்த இடத்தில் நானே எழுதினேன்: இந்த நாட்களில் போயா சேர்ந்திருக்கிறது, உங்கள் பக்கத்திலும் சேர்க்கிறீர்களா?

பதில் தாளாக வரவில்லை, ஆளாக வந்தது. ஒரு காலை கூட்டுத்தாபன ஜீப்பில் முப்பது வயதளவில் ஒரு பெண் வந்து இறங்கினார். அந்தப் புரோகிராமை எழுதியவர் அவர்தான். கொழும்பில் வளர்ந்தவர், தமிழர். மலைக்குளிர் என்று யாரோ பயமுறுத்தியிருக்க வேண்டும், ஸ்வெட்டரோடு வந்து மாத்தளை வெயிலில் வியர்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தக் கேள்விய எழுதினது யாரு?"

நான்தான் என்றேன்.

"நல்லவேளை. வேற ஒரு சைட்ல இருந்து போயாவுல லொறி வந்து நிக்குதுன்னு ஒரே சண்டை. அதுதான் போன மாசம் வருஷத்துப் போயா எல்லாத்தையும் அட்டையில அடிச்சு உள்ள போட்டேன். யாருக்கும் சொல்லல. சொன்னா ஒவ்வொரு சைட்டும் ஒவ்வொரு நியாயம் பேசுவாங்க."

"எங்க சாரும் அதுக்குத்தான் உங்ககிட்ட சொல்லல மிஸ்."

அவர் சத்தமாகச் சிரித்தார். இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் நம்பாததால் இரண்டு பக்கமும் ஒரே திருத்தத்தைச் செய்திருந்தார்கள். இருவரும் பட்டதாரிகள், இருவர் கணக்கும் சரி. பிழை நடுவில், யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில் இருந்தது.

மதியம் வாழையிலைப் பார்சல் பிரித்துச் சாப்பிடும்போது அவரிடம் கேட்டேன், அவருடைய பட்டம் எதில் என்று.

"விலங்கியல்."

"விலங்கியலா?"

"தவளை அறுத்திருக்கேன். இதுல அது எங்க உதவுதுன்னு கேக்காதீங்க." சம்பல் உறைத்து உஸ் உஸ் என்றார். "முதல்ல எடுக்கிறப்ப பட்டம் கேட்டாங்க, எந்தப் பட்டம்னு கேக்கல. நாலு பேர எடுத்தாங்க. ஒருத்தருக்கு வரலாறு."

"இப்ப ஏன் கட்டாயமில்லைன்னு போட்டிருக்காங்க?"

அவர் கதவுப் பக்கம் பார்த்தார். பொறியியலாளர் வெளியே ஜீப் சாரதியோடு பேசிக்கொண்டிருந்தார்.

"அந்த நாலு பேருல இப்ப இருக்கிறது நான் மட்டுந்தான். ஒருத்தர் லண்டன். ஒருத்தர் ஸாம்பியா. வரலாறு கனடாவுக்குப் போயிட்டார். இங்க படிச்சு, கை தேறினதும் பட்டத்தக் காட்டி விசா எடுத்துட்டாங்க. எங்க முகாமையாளருக்கு அது பெரிய அடி. இப்ப அவருக்கு வேண்டியது கெட்டிக்காரங்க, ஆனா போக முடியாதவங்க. புரியுதா?"

புரிந்தது. நான் யோசித்து வைத்திருந்த மூன்றாவது அதுதான்.

"பட்டம் இல்லைங்கறதுதான் உங்க தகுதி," என்றார். "நேர்முகத்தில வெளிவாரியா ஏதும் படிக்கிறீங்களான்னு கேப்பார். ரொம்ப அன்பாக் கேப்பார்."

நான் படிப்பதை அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் வந்தது, பிறகு நிறுத்திக்கொண்டேன். இவர் ஏன் இதை எனக்குச் சொல்கிறார்? என்மேல் இரக்கமா? தன் அறைக்கு ஆள் வேண்டுமென்ற அவசரமா? அல்லது எச்சரித்துவிட்டு நான் என்ன செய்கிறேன் என்று பார்க்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்களா? இலையை மடித்துப் போட்டுவிட்டு வந்து, போயா நாட்களை யார் கூட்டுவது என்று மூவருமாக உட்கார்ந்து முடிவு செய்தோம். கொழும்பு கூட்டும், நாங்கள் வேலை நாளை மட்டும் எழுதுவோம். பொறியியலாளர் ஒப்புக்கொண்டார். அவர் ஒப்புக்கொண்டதை நான் எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. கண்டிக் கிளையில். மலைநாட்டு விண்ணப்பதாரிகளை அங்கே பார்ப்பார்களாம்.

அதற்கு முந்திய நாட்களில் வீட்டில் பேச்செல்லாம் இதுதான். அப்பாவிடம் முகாமையாளரின் கணக்கைச் சொன்னேன்.

"அப்ப படிக்கலைன்னு சொல்லப் போறியா?"

"தெரியலப்பா."

"படிக்கிறத மறைச்சு வாங்கின வேல, படிச்சு முடிச்சதும் போயிரும். படிக்கிறேன்னு சொன்னா கெடைக்கவே கெடைக்காது." நாற்காலிக் கையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். "ரெண்டுலயும் நமக்கு என்ன இருக்கு?"

அவர் சொன்னது சரி. ஆனால் நான் அந்த இரண்டையும் மட்டும் யோசிக்கவில்லை. முகாமையாளருக்கு ஏற்கனவே தெரிந்திருந்தால்? யாரால் தெரிந்திருக்கும் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். வகுப்பு ஆசிரியருக்குக் கொழும்பில் ஆளில்லை. மிஸ்ஸிடம் நான் சொல்லவில்லை. மிச்சம் ஒருவர். "நான் நல்லா எழுதிவிடுறன்" என்று சொன்னவர். நல்லா என்றால் என்ன எழுதியிருப்பார்? ஓர் இளம் பெண்ணைப் பற்றி ஒரு யாழ்ப்பாணப் பட்டதாரி நல்லதாக என்ன எழுதுவார்?

நேரே போய்க் கேட்டேன்.

"அதை எழுதாமல் விடுவனே?" என்றார் பெருமையாக. "வேலையும் செய்துகொண்டு பட்டமும் படிக்கிறா எண்டு முதல் வரியிலேயே போட்டிருக்கிறன். அதுதானே உம்மடை பெரிய பலம்."

அவருக்கு நன்றி சொன்னேன். வேறென்ன சொல்வது.

கண்டிக்கு முதல் பஸ்ஸில் போனேன். கிளை அலுவலகத்து வாங்கில் எனக்கு முன்பே ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள், எல்லோரும் ஆண்கள். ஒருவர் மெதுவாக என்னிடம் கேட்டார், "மிஸ், பட்டம் இருக்குன்னா பிரச்சினை இல்லையே?" எனக்குத் தெரியாது என்றேன். அவர் தன் சான்றிதழ் உறையைத் தடவிக்கொண்டிருந்தார். தெரியும் என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருக்கமாட்டார். நானாக இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன்.

உள்ளே முகாமையாளரும் அந்த மிஸ்ஸும், பேசாமல் குறிப்பெடுக்கும் ஒரு நிர்வாக அதிகாரியும். பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. மிஸ் முதலில் கேட்டார், அந்தப் போயாப் பிழை யாருடையது என்று. யாருடையதும் இல்லை, யார் செய்வது என்று எவரும் எவரிடமும் சொல்லாததுதான் பிழை என்றேன். ஒரு புரோகிராம் எழுதுமுன் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். எனக்குக் கொடுத்த கணக்கை நம்பமாட்டேன் என்றேன். கொடுத்தவர் எதையெல்லாம் சொல்லாமல் விட்டார் என்று கேட்பேன். மிஸ் குனிந்து ஏதோ எழுதினார்.

முகாமையாளர் வழுக்கைத் தலையும் மெல்லிய குரலுமாக, கோயில் தர்மகர்த்தா போல இருந்தார். என் திருமணத்தைப் பற்றிக் கேட்டார். பேச்சு எதுவும் இல்லை என்றேன். கொழும்பில் தங்க இடம் கேட்டார். பெண்கள் விடுதி என்றேன். பிறகு என் விண்ணப்பக் கோப்பை மூடி வைத்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்கிற குரலில் கேட்டார்.

"வெளிவாரியாக ஏதாவது படிக்கிறீர்களா?"

மிஸ் சன்னலைப் பார்த்தார். முகாமையாளர் கோப்பை மூடிய விதத்தை நான் பார்த்தேன். ஒரு விரலை உள்ளே விட்டு மூடியிருந்தார், அந்தப் பக்கம் தவறிவிடாமல்.

"ஆம்," என்றேன். "கணிதம். இந்த ஆண்டு இறுதிப் பரீட்சை. என் பொறியியலாளர் அதை எழுதியிருப்பார்."

விரலை எடுத்தார். "எழுதியிருக்கிறார்," என்றார். "நீங்கள் சொல்வீர்களா என்று பார்த்தேன்."

"இப்போது நான் ஒன்று கேட்கலாமா?"

நிர்வாக அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். முகாமையாளர் தலையசைத்தார்.

"சுற்றறிக்கையில் பட்டம் கட்டாயமில்லை என்று இருக்கிறது. பட்டம் கூடாது என்று இல்லை. கூடாது என்றால் அதையே எழுதியிருக்கலாம், நான் பஸ் ஏறியிருக்கமாட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. "படித்து முடித்தவர்கள் போய்விடுகிறார்கள்," என்றார். முதல் தடவையாக அந்தக் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "ஒவ்வொருவருக்கும் இரண்டு வருடம் கற்றுக்கொடுத்தேன். விமான நிலையத்துக்குப் போய் வழியனுப்பியும் வைத்தேன்."

அவர்மேல் எனக்கு இரக்கம் வந்தது. உடனே அந்த இரக்கத்தையும் சந்தேகித்தேன், அதற்காகத்தான் சொல்கிறாரோ என்று.

"எத்தனை வருடம் இருக்க வேண்டுமோ அதற்கு ஒப்பந்தம் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்," என்றேன். "அதற்குள் போகமாட்டேன். ஆனால் என்னால் போக முடியாது என்பதற்காக என்னை எடுக்கிறீர்கள் என்றால், அதற்காகப் படிப்பை விட்டுப் போக முடியாதவளாக நான் ஆகமாட்டேன்."

அப்படிச் சொல்லவேண்டுமென்று தயார் செய்து போகவில்லை. நன்றி, வெளியே இருங்கள் என்றார்கள். வெளியே உறையைத் தடவிக்கொண்டிருந்தவரை உள்ளே கூப்பிட்டார்கள். நான் திரும்பி மாத்தளை பஸ்ஸில் ஏறும்வரை முகத்தை மாற்றாமல் நடந்தேன்.

எடுத்தார்கள். மூன்று பேரில் நான் ஒருத்தி. மற்ற இருவரும் டிப்ளோமாக்காரர்கள். உறையோடு வந்தவர் இல்லை. ஐந்து வருட ஒப்பந்தம் எனக்கு மட்டும் ஐந்தரையாக இருந்தது. அந்த அரை எதற்கு என்று கேட்டேன். தட்டச்சுப் பிழையாக இருக்கலாம் என்றார்கள். திருத்தித் தரச் சொன்னேன். திருத்தவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

அப்பா மாத்தளை ஸ்டேஷன்வரை வந்தார். பெட்டியை மேலே ஏற்றிவிட்டு, மேடையில் நின்று சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"பரீட்சைய விட்டுறாத."

"விட மாட்டேன்பா."

"லீவு கேளு. எழுத்துல கேளு."

எழுத்தில் கேட்டேன். பயிற்சி தொடங்கும் திகதி எங்களுக்கு அங்கே போன பிறகுதான் தெரிந்தது, பயிற்சி பரீட்சை வாரத்தையும் மூடிக்கொண்டு போனது. பயிற்சிக் காலத்தில் லீவு இல்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. ஒரு நாள் வராவிட்டாலும் பயிற்சியிலிருந்து பெயர் எடுக்கப்படும். நான் மிஸ்ஸிடம் போனேன்.

"திகதியை யார் வைச்சது?"

"நான்."

"பரீட்சைக்கு முந்தியா, பிந்தியா வைச்சிருக்கலாமே மிஸ்."

"மெஷின் எப்ப கிடைக்குதோ அப்பதான் வைக்க முடியும். மத்தப் பகுதிக்காரங்களும் அதுல வேலை செய்றாங்க." களைத்துப்போயிருந்தார். "எல்லாமே உங்கள வைச்சு நடக்கல, தெரியுமா?"

இருக்கலாம். இயந்திர நேரப் பட்டியல் சுவரில் தொங்கியது, அவர் சொன்னது அதோடு பொருந்தியது. ஆனால் அந்தப் பட்டியலை எழுதியவரும் அவர்தான். வேண்டுமென்றே அப்படி வைத்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் எனக்குச் செய்த நன்மைகளும் பல, அவற்றையும் நான் இதே கண்ணால்தான் பார்த்தேன். அதற்காக அவர் என்னை ஒருநாளும் கோபித்ததில்லை. இந்த வேலைக்கு அது நல்ல குணம் என்று மட்டும் ஒருதடவை சொன்னார், வீட்டுக்கு நல்லதோ தெரியாது என்றார்.

பரீட்சை தொடங்கிய காலை நான் குளிர் அறையில், இரவல் ஸ்வெட்டரில் இருந்தேன். மண்டபம் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். அன்றுதான் நானே எழுதிய முதல் புரோகிராமின் அட்டைகள் இயந்திரத்துக்குப் போயின. அட்டைகள் கடகடவென்று உள்ளே ஓடின, கொஞ்ச நேரத்தில் அச்சுப்பொறி ஒரு முழப் பிழைகளைத் துப்பியது. பக்கத்தில் நின்ற டிப்ளோமாக்காரர் சிரித்தார், அவருடையது அதைவிட நீளமாக வந்தபோது நிறுத்தினார். முதல் பிழையைத் திருத்தினால் அடுத்த பத்தும் தானாகப் போய்விடும் என்று மிஸ் சொன்னார். நம்பாமல் எல்லாவற்றையும் பார்த்தேன். பதினொன்றாவது அதோடு போகவில்லை. மதியத்துக்குள் அதையும் பிடித்துவிட்டேன். அந்த நேரம் எனக்குப் பரீட்சை ஞாபகத்துக்கு வரவில்லை என்பதைச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன். கவனித்ததும் பயமாக இருந்தது. நான்கு வருடம் மிளகு நெடியில் தும்மிப் படித்ததை ஒரு காலை நேரம் இவ்வளவு இலேசாக மறக்க வைத்துவிடுமென்றால், முகாமையாளர் என்னைக் கட்டிப்போட ஒப்பந்தமே தேவைப்பட்டிருக்காது.

அடுத்த ஆண்டுக்கான பரீட்சை விண்ணப்பத்தை முந்திய இரவே நிரப்பி வைத்திருந்தேன். உறையைக் கைப்பையிலிருந்து எடுத்தேன். அலுவலக வாசலில் கடிதங்களைப் போடும் தட்டு இருந்தது, தபால்காரர் மூன்று மணிக்கு வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போவார். தட்டின் மேலே ஏற்கனவே ஏழெட்டு உறைகள் முகவரி தெரியக் கிடந்தன. நான் அதைக் கடந்து, வெயிலில் இரண்டு தெரு நடந்து, சந்தியில் நின்ற சிவப்புப் பெட்டியில் போட்டேன். போட்டுவிட்டு, உள்ளே விழுந்த சத்தம் கேட்கும்வரை நின்றேன்.